வைக்கிங்குகள்: வாளும் தராசும்

வைக்கிங் என்பது ஓர் இனத்தின் பெயரா?

இல்லை, செய்யும் வேலையின் பெயர். பழைய நார்ஸ் மொழியில் 'வீக்கிங்ர்' என்றால் கடல்வழியே கொள்ளைக்குப் போகிறவன். அன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க் பகுதிகளில் பெரும்பாலோர் பார்லி விதைத்து, ஆடு மாடு வளர்த்து, மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். அவர்களில் சிலர்தான் கப்பல் ஏறினார்கள். 793-ல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடம் சூறையாடப்பட்டது முதல் 1066 வரை உள்ள காலத்தை வைக்கிங் காலம் என்பது வழக்கம். இந்தத் தாக்குதல்களைப் பற்றி ஏட்டில் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் அடிபட்ட பக்கத்துத் துறவிகள். அதனால் வாளும் தீயும்தான் நம் மனதில் தங்கிவிட்டன.

கொம்பு வைத்த தலைக்கவசம் உண்மையா?

இல்லை. 1876-ல் ஜெர்மனியில் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா என்னும் இசை நாடகம் அரங்கேறியபோது ஆடை அலங்காரத்துக்காக வைத்த கொம்பு அது. அங்கிருந்துதான் ஊரெல்லாம் பரவியது. 1943-ல் நார்வேயின் யெர்முண்ட்பூவில் கிடைத்த அசல் கவசம் உருண்டையான இரும்புத் தொப்பி. கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஒரு காப்பு, அவ்வளவுதான்.

அவர்கள் நிஜமாகவே வணிகர்களா, கொள்ளையடித்ததை விற்றார்களா?

இரண்டும்தான். ஆனால் வணிகத்தின் அளவைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஸ்வீடனின் பிர்கா போன்ற சந்தை ஊர்களைத் தோண்டும்போது சின்னஞ்சிறு மடக்குத் தராசுகள் கிடைக்கின்றன. தராசின் கையை மடித்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கை அளவு வெண்கலச் சிமிழில் மூடிக்கொள்ளலாம். நாணயத்தில் என்ன பொறித்திருக்கிறது என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, எடைதான் கணக்கு. சில்லறை வேண்டுமென்றால் காசையோ காப்பையோ வெட்டித் துண்டு போடுவார்கள். வெள்ளி சுத்தமா என்று கத்தி முனையால் கீறிப் பார்ப்பார்கள். அருங்காட்சியகத்தில் அந்தக் கீறல்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வியாபாரியின் சந்தேகம்.

அந்த வெள்ளி பெரும்பாலும் இஸ்லாமிய நாடுகளின் திர்ஹம் காசுகளாக வோல்கா போன்ற ஆறுகளின் வழியே வந்தது. 1999-ல் ஸ்வீடனின் காட்லாந்து தீவின் ஸ்பில்லிங்ஸ் பண்ணையில் கிடைத்த புதையலில் மட்டும் 67 கிலோ வெள்ளி, 14,000-க்கும் மேற்பட்ட காசுகள். அவற்றில் ஒன்று, அரபு எழுத்தில் 'மூசா (மோசே) இறைத்தூதர்' என்று பொறித்த கசார் நாட்டுக் காசு. யூத சமயம் தழுவிய ஓர் அரசின் காசு, இஸ்லாமியக் காசைப் பார்த்து அச்சடித்தது, இடித் தெய்வமான தோரை வணங்கியவர்களின் நிலத்தில் புதைந்து கிடந்தது.

சரி, பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்? மென்மயிர்த் தோல், தேன், மெழுகு, வால்ரஸ் தந்தம். அப்புறம் மனிதர்கள். பிடித்து வந்த ஆண்களையும் பெண்களையும் அடிமைகளாக விற்றார்கள். வைக்கிங் வணிகத்தை வியந்து பேசும் பலர் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அது சரியில்லை, அந்த வெள்ளியில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான்.

ஸ்வீடனில் புத்தர் சிலை கிடைத்ததாமே?

ஆமாம். 1950-களில் மேலாரென் ஏரியின் ஹெல்கோ தீவில், எட்டரை சென்டிமீட்டர்கூட இல்லாத வெண்கல புத்தர் கிடைத்தார், தாமரைமேல் அமர்ந்த கோலத்தில். ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டில், இன்றைய பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்குப் பகுதியில் செய்யப்பட்டவர். அதே தீவில் அயர்லாந்து ஆயர் (பிஷப்) ஒருவரின் கோல் தலைப்பும் எகிப்திய அகப்பையும் கிடைத்தன. இதை வைத்து வைக்கிங்குகள் ஸ்வாத் வரை போனார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். பொருள் கைமாறிக் கைமாறி வரும். ஒரே ஆள் சுமந்து வர வேண்டியதில்லை.

போரில் செத்தால் எல்லோருக்கும் வல்ஹல்லாவா?

இல்லை. களத்தில் விழுந்தவர்களில் பாதிப் பேர் தலைமைத் தெய்வமான ஓடினின் மாளிகையான வல்ஹல்லாவுக்கு. மீதிப் பாதி பெண் தெய்வமான ஃப்ரெய்யாவுக்கு. நோயிலும் முதுமையிலும் இறந்தவர்கள் ஹெல் என்னும் பாதாள உலகுக்குப் போவார்கள் என்கிறது ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி தரும் வருணனை. அவர் 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

கண்ணால் பார்த்து எழுதியவர் வேண்டுமென்றால் இப்னு ஃபள்லானிடம் போங்கள். பாக்தாத் கலீஃபாவின் தூதுக்குழுவில் வந்தவர், 922-ல் வோல்கா கரையில் ரூஸ் எனப்பட்ட வைக்கிங் வணிகர்களைச் சந்தித்தார். படகை விட்டு இறங்கியதும் ஒருவன் ரொட்டி, இறைச்சி, வெங்காயம், பால் எடுத்துக்கொண்டு, முகம் செதுக்கிய மரத்தூண் முன்னால் விழுகிறான். இத்தனை அடிமைப் பெண்கள், இத்தனை தோல் கொண்டுவந்திருக்கிறேன் என்று கணக்குச் சொல்லி, நிறையக் காசோடு, பேரம் பேசாத ஆளாக அனுப்பி வை என்று வேண்டிக்கொள்கிறான். விற்பனை இழுத்தடித்தால் மறுபடியும் காணிக்கை. அந்த வேண்டுதலில் போரும் இல்லை, வல்ஹல்லாவும் இல்லை.

எப்போது கிறிஸ்தவர்கள் ஆனார்கள்?

ஒரே நாளில் இல்லை. டென்மார்க்கின் ட்ரெண்ட்கோர்டனில் கிடைத்த 10-ஆம் நூற்றாண்டு மாக்கல் அச்சு ஒன்றில் சிலுவைக்கும் குழி இருக்கிறது, தோரின் சுத்தியலுக்கும் இருக்கிறது. ஒரே தட்டார் இரு தரப்புக்கும் வார்த்துக் கொடுத்திருக்கிறார். கிட்டத்தட்ட அதே காலத்தில் அரசர் ஹரால்டு புளூடூத், டேனியரைக் கிறிஸ்தவர் ஆக்கியதாக யெல்லிங்கில் கல்வெட்டே நாட்டினார். உங்கள் செல்பேசியில் இருக்கும் புளூடூத் அவர் பெயர்தான். அதன் சின்னம் அவருடைய முதலெழுத்துகளின் ரூன் (பழைய நார்ஸ் எழுத்து) வடிவம். ஐஸ்லாந்தில் கி.பி. 1000 வாக்கில் ஆல்திங் பேரவை கூடி மதம் மாற முடிவெடுத்தபோது, பழைய தெய்வங்களுக்கு ரகசியமாகப் பலியிட்டால் தண்டனை இல்லை என்று விட்டுக்கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சலுகையும் நீக்கப்பட்டது.