எவர்சில்வருக்கு யாரைக் கும்பிடுவது?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்குச் சீரில் வந்த எவர்சில்வர் சட்டி, பேர் வெட்டியதுகூட அழியாமல் இன்றைக்கும் பளபளக்கிறது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? ஒரு கும்பிடு போட வேண்டும். அப்புறம், உப்புச் சம்புடத்தில் மட்டும் புள்ளி விழுகிறதே, கலப்படமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: ஒரு கும்பிடு போதாது ஆச்சி. முதல் கும்பிடு ஹாரி பிரியர்லிக்கு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எஃகு உருக்கும் தொழிலாளியின் மகன். 12 வயதில் பள்ளியை விட்டு, ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவி, வேலை நேரம் போகப் படித்து, கடைசியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கே தலைவரானவர். துப்பாக்கிக் குழல் சூட்டில் அரித்துப் போகாமலிருக்க வழி தேடச் சொன்னார்கள். 1913 ஆகஸ்டில் எஃகில் 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்து வார்த்தார். நுண்ணோக்கியில் பார்க்க அமிலம் தடவினால் அரிக்கவே இல்லை! வேறொருவர் எரிச்சலில் தூக்கிப் போட்டிருப்பார், இவரோ இது சாப்பாட்டுக் கத்திக்கு ஆகும் என்றார். (குப்பையில் கிடந்த துண்டு மின்னியது என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அமிலக் கதைதான் பிடித்திருக்கிறது.) காப்புரிமைத் தகராறில் 1915இல் வேலையை விட்டார். 1920இல் எஃகுத் துறையின் பெசமர் தங்கப் பதக்கம் கிடைத்தது.

ஆனால் அது கத்தி எஃகு, காந்தம் ஒட்டும். அப்பத்தா சட்டியில் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாவிட்டால் அதில் நிக்கலோ மாங்கனீசோ கூடச் சேர்ந்திருக்கிறது. நிக்கல் சேர்த்ததற்கு ஜெர்மனியில் குருப் எஃகு ஆலையின் மௌரர், ஸ்ட்ராஸ் இருவரையும், 18க்கு 8 (18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்) என்ற கலவையை 1924இல் கொண்டுவந்த ஹேட்ஃபீல்டையும் கும்பிட வேண்டும். இந்த ஹேட்ஃபீல்டு, பிரியர்லி விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவர்.

உங்கள் பக்கத்துக் காரைக்குடியிலேயே துருவை ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறதே, பிரியர்லி இறந்த அதே 1948 ஜூலையில்தான் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார்.

சரி, புள்ளிக்கு வருவோம். கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஏடாகப் படர்ந்திருக்கும். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஈர உப்பில் உள்ள குளோரைடுதான் அதை அங்கங்கே துளைத்துவிடும். உப்பைப் பீங்கான் ஜாடிக்கோ பழைய மரவைக்கோ மாற்றிவிடுங்கள், சம்புடத்தில் சர்க்கரை போடலாம்.