கீழ்த்தாடை எக்ஸ்றேயில் தெரியும் கறுப்பு வட்டம் சீழ்க்கட்டியா?

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் பல் எக்ஸ்றேயில் கீழ்க் கடைவாய்ப் பக்கம் ஒரு வேரின் நுனியில் கறுப்பு வட்டம் தெரிகிறது. அம்மாவுக்கு 71 வயது, கீழே ஒரு பல்லும் இல்லை. அவரின் படத்தில் அதே வட்டம் எலும்பின் மேல் விளிம்பிலேயே நிற்கிறது. 7 வயது மகனின் படத்தில் அப்படி ஒன்றையும் காணவில்லை. யாருக்கு வருத்தம்?”

படங்களை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் இடங்களைப் பார்த்தால், மூவருக்குமே தாடை எலும்பில் பிறவியிலிருந்து உள்ள நாடித்துளைதான் (நாடி என்றால் இங்கே மோவாய்) முதலில் நினைவுக்கு வருகிறது. மருத்துவத்தில் இதை மென்ரல் ஃபொராமென் என்பார்கள். கீழ்ப்பற்களுக்குப் போகும் நரம்பு தாடையின் பின்பக்கம், உள்புறமாக எலும்புக்குள் நுழைந்து, வேர்களுக்குக் கீழே ஓடிவருகிறது. அதன் ஒரு கிளை இந்தத் துளையால் வெளியே வந்து கீழ்ச்சொண்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்டதும் பாதிச் சொண்டு விறைப்பது அதனால்தான்.

உங்கள் வயதில் இந்தத் துளை பெரும்பாலும் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லின் வேருக்குக் கீழே, அல்லது இரண்டு முன்கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே, எலும்பின் பாதி உயரத்தில் இருக்கும். எக்ஸ்றே என்பது நிழல். கன்னப் பக்கம் இருக்கும் துளையும் அதற்கு உட்புறம் இருக்கும் வேர் நுனியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அசல் சீழ்க்கட்டி போலவே தெரியும். நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து முதலில் தேடுவது வேரைச் சுற்றி ஓடும் மயிரளவு வெள்ளைக் கோட்டை. அது நுனியிலும் அறாமல் இருந்தால் மனம் பாதி ஆறிவிடும். அப்புறம் கதிர்க்குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு சின்னப் படம் எடுப்பேன். துளையென்றால் வட்டம் வேர் நுனியை விட்டு விலகும். கட்டியென்றால் நுனியோடு ஒட்டியே நிற்கும். பல்லில் குளிர் வைத்தும் பார்க்க வேண்டும். குளிர் தெரிகிறதென்றால் அநேகமாக உள்நரம்புக்கு உயிர் இருக்கிறது. இவ்வளவும் பார்க்காமல் நல்ல பல்லில் வேர்ச்சிகிச்சை தொடங்கினால் அந்தப் பல்லுக்குச் செய்யும் அநியாயம் அது.

அம்மாவின் விஷயத்தில் துளை மேலே ஏறவில்லை. கீழ் விளிம்பிலிருந்து அளந்தால் அது ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்கும். பற்கள் போனபின் அவற்றைத் தாங்கிய எலும்பு வருடக்கணக்கில் கரைந்து இறங்கிவிட்டது, அவ்வளவுதான். இது வருத்தம் இல்லை என்றாலும் கவனம் வேண்டும். கட்டின பல்லின் விளிம்பு நேரே அந்த நரம்பின்மேல் இருந்தால், கொஞ்சம் கடினமான சாப்பாட்டைக் கடித்தாலே சொண்டு வரை மின்னல் அடித்த மாதிரி வலிக்கும். என்னிடம் வந்த ஓர் ஆச்சி புழுக்கொடியலை விட்டே பல மாதமாகியிருந்தது. முரசில் அந்த இடத்தை விரல் நுனியால் அழுத்தியதும் துடித்துப்போனார். பல்செட்டில் அந்த இடத்தை மட்டும் உட்புறமாகக் குடைந்து கொடுத்தோம், வலி நின்றுவிட்டது. அம்மாவுக்குப் பல்செட் செய்பவரிடம் படத்தைக் காட்டி, துளை எங்கே என்று முன்கூட்டியே குறிக்கச் சொல்லுங்கள். இம்பிளான்ற், அதாவது எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேர், வைக்கும் யோசனை இருந்தால் தாடை முழுவதையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்றே மட்டும் போதாது. அது எல்லாவற்றையும் உண்மையளவைவிடப் பெரிதாக்கிக் காட்டும், எலும்பின் தடிப்பையும் காட்டாது. முப்பரிமாணப் படமான சீ.பீ.சீ.ரீ. எடுப்பதுதான் சரி.

மகனுக்கும் துளை இருக்கிறது. சின்ன வயதில் அது இன்னும் முன்னால், பாற்கடைவாய்ப்பல் பக்கமாக, தாடையின் கீழ் விளிம்புக்குக் கிட்டவாக இருக்கும். அந்த இடத்தில் முளைக்கக் காத்திருக்கும் நிரந்தரப் பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் நிழலுக்குள் நிழலாக மறைந்துவிடும். பிள்ளைகளில் எங்களுக்கு முக்கியம் நரம்பு உள்ளே நுழையும் பின்பக்கத் துளைதான். பெரியவர்களில் அது பல் கடிக்கும் மட்டத்துக்கு மேலே இருக்கும். சிறு பிள்ளைகளில் அதற்குக் கீழே இருந்து, வளர வளர மேலேறும். அதனால் ஊசியையும் சற்றுத் தாழ்த்திப் போடுகிறோம். துளையைக் காண்பதற்காக மட்டும் அவனுக்கு இன்னொரு எக்ஸ்றே எடுக்க வேண்டாம்.

ஆனால் ஊசி எதுவும் போடாமல் யாருக்காவது கீழ்ச்சொண்டோ நாடியோ விறைத்தால் நாள் கடத்த வேண்டாம். பழைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.