கமக்காரர் கேள்வி – பதில்: வயலில் எந்நாளும் தண்ணீர் நிற்க வேண்டுமா?

கேள்வி: மழை குறைந்த சிறுபோகத்தில் எங்கள் காணியில் ஒரு பகுதிக்குத்தான் குளத்துத் தண்ணீர் கிடைக்கிறது. அதையும் விட்டு விட்டுப் பாய்ச்சும்படி சொல்கிறார்கள். வயலைக் காயவிட்டால் விளைச்சல் விழாதா? நெல்வயலாலும் பூமி சூடாகிறது என்பது உண்மையா?
– வாசகர், வட்டக்கச்சி

பதில்: நெல் தண்ணீரைத் தாங்கும் பயிரே தவிர, தண்ணீரிலேயே நின்றாக வேண்டிய பயிர் அன்று. பெருமழைக் காலத்துப் போகமான காலபோகத்தில் புழுதியில் விதைத்த நெல், மழை வலுக்கும்வரை, நிற்கும் தண்ணீரைக் காணாமலே முளைத்து வளர்வதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். நாம் தண்ணீரைக் கட்டி வைப்பது பெரும்பாலும் களைக்கு அஞ்சித்தான். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அது முதல் சில வாரங்களுக்கு உரியது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஆம் என்பதே விடை. தண்ணீர் நிற்கும் சேற்றுக்குள் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், மக்கும் தாளையும் வேரையும் உண்டு மெதேன் வாயுவை விடுகின்றன; அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலேறி வெளியே வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது மெதேன். மண்ணை இடையிடையே காயவிட்டால் காற்று உட்புகும். அந்த நுண்ணுயிர்களின் வேலை நின்றுவிடும்.

பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை மிக எளியது. ஓர் அடி நீளமான அகன்ற பிளாஸ்ரிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் வயலின் மேற்பரப்புக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை பாய்ச்ச வேண்டியதில்லை. இறங்கிய பின் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். மேலே மண் காய்ந்து தெரிந்தாலும் வேர் நனைந்தே இருப்பதால் விளைச்சல் குறைவதில்லை. விதைத்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் களை அடங்கிய பின் இதைத் தொடங்குங்கள். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் தண்ணீர் நிற்கவே வேண்டும். அந்த நாட்களில் காயவிட்டால் பதர்தான் மிஞ்சும். இவ்வாறு பாய்ச்சுவதால் 30 சதவீதம்வரை தண்ணீர் மிஞ்சும். மெதேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆனால் வயல் பாளம் பாளமாக வெடிக்கும் அளவுக்கு விட்டுவிடாதீர்கள். வெடித்த வயலில் அடுத்த தண்ணீர் வெடிப்பு வழியே கீழே போய்விடும்.

காலபோகத்தில் கார்த்திகை, மார்கழி மழைக்குள் வயலைக் காயவிடுவது நம் கையில் இல்லை. சிறுபோகத்தில் அப்படியன்று. இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு மழையோடு ஓடி மழையோடு அடங்குவது. குளத்தில் இருப்பதைத்தான் பங்கிட வேண்டும். உங்கள் ஒரு வயலில் மிச்சம் பிடிக்கும் தண்ணீர், வாய்க்காலின் கடைசியில் உள்ளவரின் பயிரைக் காப்பாற்ற வேண்டுமானால், ஒரே வாய்க்காலில் உள்ள எல்லோரும் இதற்கு உடன்பட வேண்டும். ஆகவே போகம் தொடங்குமுன் கூடும் போகக் கூட்டத்தில் ஏக்கர்க் கணக்கோடு, முறைத் தண்ணீர் விடும் நாட்களையும் கமக்காரர் அமைப்பு பேசித் தீர்மானிக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: யூரியாவை அறவே விட்டுச் சேதனப் பசளைக்கு மாறினால் மண்ணுக்கு நல்லது என்று என் மகள் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, முத்தையன்கட்டு

பதில்: அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் உண்டு, மகளின் எண்ணமும் நல்லதே. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது காலபோகப் பயிர் ஏற்கெனவே வெளிறிப் போயிருந்தது. அந்தப் போகத்தின் விளைச்சல் நாடு முழுவதும் பெரிதும் வீழ்ந்ததை நாம் அனுபவித்தோம். நெல்லை நம்பி உலை வைக்கும் வீடுகளை அப்படி ஒரு சோதனைக்கு உள்ளாக்கியது பெருந்தவறு என்றே நான் கருதுகிறேன். யூரியாவைப் படிப்படியாகக் குறைக்கலாம், ஒரே போகத்தில் நிறுத்தலாகாது.

முதலில் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பதை நிறுத்துங்கள். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் இருக்கின்றன. அந்தப் பொட்டாசியம், எம்.ஓ.பி. என்னும் பொட்டாசியப் பசளையில் ஏறத்தாழ அரை மூடைக்குக் குறையாது. எரித்தால் நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையாகப் போய்விடும்; பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் தங்கினாலும், குவியல் எரிந்த அந்த ஓர் இடத்தில்தான் கிடக்கும். காலபோக அறுவடை முடிந்ததும், ஈரம் இருக்கும்போதே வைக்கோலைப் பரப்பி உழுதுவிடுங்கள். தண்ணீர் கட்டுவதற்கு ஒரு மாதமாவது முன்னதாக அது மக்கத் தொடங்க வேண்டும். பச்சையாகத் தாழ்த்தி உடனே தண்ணீர் கட்டினால் மெதேன் கூடிவிடும். சிறுபோகத் தண்ணீர் கிடைக்காத வயலில் அந்த ஈரத்திலேயே பயறு விதைத்தால் வீட்டுக்குப் பருப்பும் மண்ணுக்கு நைதரசனும் சேரும்.

யூரியாவை நிற்கும் தண்ணீரில் வீசினால் அதில் கணிசமான பங்கு அமோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். வயல் காய்ந்திருக்கும் நாளில் இட்டு உடனே தண்ணீர் விடுங்கள். அது மண்ணுக்குள் இறங்கும். இலையின் பச்சையை இலை நிற அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறும்போது மட்டும் இடுவது, நாட்கணக்குப் பார்த்து இடுவதைவிட நல்லது. அளவுக்கு மீறிய யூரியா கபில நிறத் தத்தி என்னும் பூச்சியை வரவழைக்கும். பிறகு அதற்கு வேறு மருந்து வாங்க வேண்டிவரும்.

கேள்வி: எங்கள் வயல் கடலேரிப் பக்கம். உவர் ஏறுகிறது. காயவிடும் முறை எங்களுக்கும் பொருந்துமா?
– வாசகர், பூநகரி

பதில்: பொருந்தாது. உவர் மண்ணைக் காயவிட்டால், அடியில் உள்ள உப்பு ஈரத்தோடு மேலே ஏறி வேரைச் சுடும். உங்களுக்கு மழை நீரை வரம்புக்குள் மறித்து உப்பைக் கழுவி விடுவதும், உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற நெல் இனத்தை விதைப்பதுமே வழி. மொட்டைக்கறுப்பன் என்னும் பாரம்பரிய நெல்லின் விதையை உங்கள் ஊரில் இன்னும் வைத்திருப்பவர்களிடம் ஒரு பரப்புக்கேனும் வாங்கி, அதையும் பக்கத்தில் விதைத்து, எது உங்கள் மண்ணில் நிற்கிறது என்று ஒரு காலபோகம் பாருங்கள்.