ராஜபாளையம் நாய் பேரனைப் பார்த்து உறுமியது: இனத்தின் குணமா?

கேள்வி: எங்கள் ராஜபாளையம் ஆண் நாய்க்கு 11 மாதம். ஒரு தரகர் மூலம் 35 நாள் குட்டியாக வாங்கினோம். காவலுக்கு என்பதால் பகலில் கட்டிப்போட்டு, இரவில் மட்டும் அவிழ்த்துவிடுகிறோம். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் பாய்கிறது. போன வாரம், தூங்கிக்கொண்டிருந்த நாயைத் தொட்ட என் 4 வயதுப் பேரனைப் பார்த்து உறுமிவிட்டது. "இந்த ஜாதியே அப்படித்தான், நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார் தரகர். கொடுத்துவிடலாமா?

பதில்: ஐயா, யாரிடம் கொடுத்தாலும் அந்தத் தரகரிடம் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் பேரனைப் பார்ப்போம். பெரியவர் ஒருவர் கூடவே நிற்காமல் நாயும் குழந்தையும் இனி ஓரிடத்தில் இருக்கக் கூடாது. உறுமியதற்காக நாயை அடிக்கவும் கூடாது. "கிட்டே வராதே" என்று தெளிவாகச் சொல்ல அதற்கு இருக்கிற வழி உறுமல். அதற்கும் அடி விழுந்தால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். "திடீரென்று கடித்துவிட்டது டாக்டர்" என்று வருகிறவர்களிடம் துருவிக் கேட்டால், குட்டியில் உறுமியபோதெல்லாம் அடித்து அடக்கிய கதைதான் பெரும்பாலும் வெளியே வரும்.

ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாய். புது ஆளைப் பார்த்தால் சந்தேகப்படும், மறுக்கவில்லை. ஆனால் சந்தேகப்படுவது வேறு, பாய்வது வேறு. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று அதில் தெரிந்தது.

உங்கள் நாய்க்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 3ஆவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரம் வரை ஒரு குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதைத்தான் ஆயுளுக்கும் சகஜமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் குட்டியை 5ஆவது வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்தாகிவிட்டது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் நாய் கற்கும். அந்தப் பாடம் பாதியில் நின்றுபோனது. அப்புறம் சங்கிலி. கட்டிக்கிடக்கும் நாயால் பயந்தால் ஓட முடியாது, பாயத்தான் முடியும். பகல் முழுக்கப் பாய்ந்து பழகிய நாயை மனிதர்களே இல்லாத இருட்டில் அவிழ்த்துவிட்டால் அது யாரோடு பழகும்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அதற்குக் காது கேட்கிறதா? உடல் முழுக்க வெள்ளையான இனங்களில் சில குட்டிகளுக்கு உட்காதில் நிற அணுக்கள் இருக்காது. பிறந்த சில வாரங்களிலேயே ஒரு காதோ இரண்டுமோ செவிடாகிவிடும். ராஜபாளையத்தில் இது தெரிந்த விஷயம். காது கேட்காத நாய்க்குத் தூக்கத்தில் யார் வந்தாலும் திடீரென்று வந்த மாதிரிதான். உங்கள் பேரன் தொட்டதும் தூக்கத்தில்தானே? நாய் அசந்து தூங்கும்போது, பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரை அதிரக் கூடாது, காற்று அதன் மேல் படக் கூடாது, உங்கள் நிழலும் விழக் கூடாது. வேறு வேறு நாளில் நாலைந்து முறை செய்யுங்கள். ஒருமுறைகூடக் காது திரும்பவே இல்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. எழுந்துகொண்டு சத்தம் வந்த பக்கம் தெரியாமல் வேறு பக்கம் பார்த்தால், ஒரு காது போயிருக்கலாம். அப்படியானால் அதைத் தொட்டு எழுப்பவே கூடாது. மூக்குக்கு நேரே தீனியை நீட்டி, வாசனையில் எழுப்புங்கள். குரலுக்குப் பதில் கைஜாடை பழக்குங்கள். செவிட்டு நாயைக் கூப்பிட்டு வரவில்லை என்று "திமிர்" பட்டம் கட்டி அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாய்களின் முகம் மறப்பதில்லை.

இப்போது தரகர் விஷயம். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி 8 வாரம் முடியாத குட்டியை விற்கவே கூடாது, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குட்டி வளர வளரத் தடுப்பூசிச் செலவு, தீனிச் செலவு என்பதால் 30, 35 நாளில் தள்ளிவிடுகிறார்கள். "60 நாள் ஆச்சுங்க" என்பார்கள். வாயைத் திறந்து பாருங்கள், 8 வாரக் குட்டிக்குப் பால் பற்கள் எல்லாம் முளைத்திருக்கும். தாய் நாயை நேரில் காட்டாதவரிடம் எந்தக் குட்டியும் வாங்காதீர்கள். காகிதம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. இப்போது ஏன் திரும்பக் கேட்கிறார்? 11 மாத ஆண் நாய் இனப்பெருக்கத்துக்கு ஆகும். இல்லையென்றால், குழந்தையைப் பார்த்து உறுமியதைச் சொல்லாமலே இன்னொரு வீட்டில் விற்றுவிடுவார். பச்சை மாமிசம் போட்டால் வீரம் வரும், மிளகாய் கொடுத்தால் கோபம் வரும் என்பதும் இவர்கள் கிளப்பிவிட்டதுதான். மிளகாய் கொடுத்தால் வயிறுதான் எரியும்.

எல்லாம் விதியில் இருக்கிறது, யார் போய்ப் பார்க்கிறார்கள்? 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் உங்கள் ராஜபாளையம் இல்லை. அதனால் உங்கள் பேரனுக்கு ஏதாவது பாதுகாப்பு வந்துவிட்டதா? 35 நாள் குட்டியை விற்பவனைப் பிடித்திருந்தால் வந்திருக்கும்.

நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எங்காவது வலி இருக்கிறதா என்று பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேதியையும் சரிபாருங்கள். சங்கிலிக்குப் பதில், சுற்றி நடக்க இடமுள்ள கம்பி அடைப்பு போடுங்கள். காலையும் மாலையும் நீங்களே வெளியே நடத்திக் கூட்டிப்போங்கள், வாய் திறந்து மூச்சுவிடக்கூடிய கூடை போன்ற வாய்மூடியோடு. தெரிந்தவர் ஒருவரை வரச்சொல்லி, நாய் பதறாத தூரத்தில் நிற்கவைத்துத் தீனி போடுங்கள். நாளுக்கு ஓரடி நெருங்கினால் போதும். நாலைந்து மாதம் பிடிக்கும். "ஒரு மாசம் எங்கிட்ட விடுங்க, அடக்கித் தர்றேன்" என்று கம்போடு வருகிற பயிற்சியாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சாவிக்கொத்துச் சோதனையை இன்று மத்தியானமே செய்யலாம், நாய் தூங்கும் நேரம் அதுதான்.