மின்வேதியியல் படித்தவருக்கு மருந்துக் கம்பெனியில் என்ன வேலை?

ஐயா, வணக்கம்.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். ஊர் தேவகோட்டைப் பக்கம். காரைக்குடியில் மின்வேதியியலில் ப்ராஜெக்ட் செய்தேன், சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை). பெரிய மருந்துக் கம்பெனி ஒன்றில் க்யூசி (தரக் கட்டுப்பாடு) கெமிஸ்ட் வேலைக்கு இண்டர்வியூ வந்திருக்கிறது. எச்பிஎல்சி என்ற, கலவையைப் பிரித்து அளக்கும் கருவியைச் செய்முறை வகுப்பில் எட்ட நின்று பார்த்ததோடு சரி. "உன் ப்ராஜெக்டுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லையே" என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். ஆங்கிலமும் தடுமாறும். எதைப் படித்துவிட்டுப் போகட்டும்?

ம.

அன்புள்ள ம.,

சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் படித்துவிட்டு, அந்தப் படிப்புக்கே கூச்சப்படுகிறீர்கள்!

க்யூசி லேபில் அன்றாட வேலை பிஎச் மீட்டர் காலிப்ரேஷனில் தொடங்கும். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது நெர்ன்ஸ்ட் சமன்பாடு, உங்கள் சொந்தப் பாடம். எலெக்ட்ரோடை ஏன் காய்ச்சிவடித்த நீரில் வைக்கக்கூடாது, ஏன் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வைக்கிறோம் என்று கேட்டால் நீங்கள்தான் முதலில் கை தூக்க வேண்டும்.

கார்ல் ஃபிஷர் முறையில் ஈரப்பதம் பார்ப்பதும் உங்கள் பக்கம்தான். முடிவுப்புள்ளியைக் காட்டுவது இரண்டு பிளாட்டினம் முனைகள். கூலோமெட்ரிக் கருவியிலோ அயோடினையே மின்சாரம் உண்டாக்குகிறது. ஒரு மோல் நீருக்கு 2 எலெக்ட்ரான், ஆகவே ஒரு கிராமுக்கு 2 × 96485 ÷ 18.015 கூலும், அதாவது 1 மி.கி. நீருக்கு 10.71 கூலும். தாள் கேட்டு வாங்கி இதை எழுதிக் காட்டுங்கள். வால்யூமெட்ரிக் முறையென்றால் ரீஏஜென்ட் ஃபேக்டரை (ஒரு மி.லி. ரீஏஜென்ட் எத்தனை மி.கி. நீரோடு வினைபுரியும் என்ற எண்ணை) சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட் கொண்டு கண்டுபிடிப்பார்கள். அதில் நீர் 15.66 சதவீதம். கீட்டோன் உள்ள பொருளை மெத்தனாலில் போட்டால் முடிவுப்புள்ளி நிற்காமல் நகரும். இரண்டும் வினைபுரிந்து புதிதாக நீரை உண்டாக்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

அடுத்தது கணக்கு. ஃப்ரெஷர்கள் பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 12 நார்மல் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். எப்படி வந்தது என்றால் முழிப்பார்கள். அடர்த்தி 1.18, செறிவு 37 சதவீதம்: 1180 × 0.37 ÷ 36.46 = 11.97. அப்படியானால் ஒரு லிட்டர் 0.1 நார்மலுக்கு சுமார் 8.4 மி.லி. அதை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அதன்மேல் அல்ல. சோடியம் ஹைட்ராக்சைடு ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுக்கும், அதனால் அது பிரைமரி ஸ்டாண்டர்டு (எடைபோட்டதை அப்படியே நம்பக்கூடிய தூய பொருள்) ஆகாது. பிரைமரி ஸ்டாண்டர்டான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் (மூலக்கூறு எடை 204.22) 0.51 கிராம் எடுத்தால் 0.1 நார்மல் காரம் 25 மி.லி. செலவாகும். இந்த மாதிரி ஐந்தாறு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டரை நம்பாமல்.

எச்பிஎல்சி தெரியும் என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். "பார்த்திருக்கிறேன், தனியாக ஓட்டியதில்லை" என்றால் அதோடு போயிற்று. ஓட்டினேன் என்றால் பிரஷர் எவ்வளவு இருந்தது, ஒரு இன்ஜெக்ஷனுக்கு எத்தனை மைக்ரோலிட்டர் என்று துருவுவார்கள். கோளாறுகளின் காரணம் தெரிந்தால் போதும். பாஸ்பேட் பஃபர் ஓடிய குழாயில் நேரடியாக அசிட்டோநைட்ரைல் விட்டால் உப்பு படிந்து பிரஷர் ஏறும். முதலில் நீர் 90, கரைப்பான் 10 விகிதத்தில் கழுவ வேண்டும். பிரஷர் துடித்தால் பம்பில் காற்றுக்குமிழி இருக்கும். எல்லாப் பீக்கும் தாமதமாக வந்தால் கசிவைத் தேடுங்கள், இல்லையென்றால் மொபைல் ஃபேஸில் (கருவியில் ஓடும் திரவத்தில்) கரைப்பான் ஆவியாகியிருக்கலாம்.

இனி முக்கியமான கேள்வி. மாத்திரையில் மருந்தின் அளவுக்கு வரம்பு 95.0 முதல் 105.0 சதவீதம் வரை, உங்கள் ரிசல்ட் 93.8, அதாவது ஓஓஎஸ் (வரம்புக்கு வெளியே). என்ன செய்வீர்கள்? "திரும்ப இன்ஜெக்ட் பண்ணுவேன் சார்" என்று சொன்ன நிமிடத்தில் இண்டர்வியூ முடிந்தது, அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் மரியாதைக்கு. சரியான வரிசை வேறு: எந்தக் கரைசலையும் கொட்டாமல் அப்படியே வைத்து, சூப்பர்வைசரிடம் சொல்லி, தராசின் பிரிண்ட், நீர்த்தல், ஸ்டாண்டர்டு, சிஸ்டம் சூட்டபிலிட்டி (கருவி சரியாக ஓடுகிறதா என்ற சோதனை), இன்டகிரேஷன் (பீக்கின் பரப்பை அளந்த விதம்), கணக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மறு இன்ஜெக்ஷன் தேவைப்பட்டாலும் அது எழுதி அனுமதி வாங்கிய விசாரணையின் பகுதியாக இருக்கும். லேபில் தவறு கிடைக்காவிட்டால் 93.8 அப்படியே நிற்கும், விசாரணை உற்பத்திப் பிரிவுக்குப் போகும். பாஸாகும்வரை சோதிப்பது ஆகாது என்று 1993-லேயே அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "சூப்பர்வைசரே சும்மா ஓட்டு என்றால்?" என்று அடுத்த கண்ணி வரும். படிவம் இல்லாமல் ஓட்டமாட்டேன், க்யூஏவிடம் (தர உறுதிப் பிரிவிடம்) சொல்வேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

எழுத்தில் பிழையானால் ஒரே கோட்டால் அடித்து, பழைய எண் படிக்கும்படி விட்டு, கையெழுத்து, தேதி, காரணம் எழுத வேண்டும். வெள்ளை மை கூடாது. நம்மூர்ப் பெட்டியடியில் பேரேடு எழுதியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ஆங்கிலத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். மேலே சொன்ன ஓஓஎஸ் பதிலையும் ப்ராஜெக்ட் சுருக்கத்தையும் வாய்விட்டு ஆங்கிலத்தில் பலமுறை சொல்லிப் பழகுங்கள். சிறு வாக்கியங்கள் போதும்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்பார்கள். ஷிப்ட் எப்படி, இரவு ஷிப்டுக்குப் பெண்களுக்கு வண்டி உண்டா, பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம் என்று கேளுங்கள். மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.