பத்து லட்சம் என்று எழுதும் முன் கிணற்றை அளந்து பாருங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. காய்க்கிற தென்னை 120, கறவை மாடு இரண்டு, ஒரு கிணறு, ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு). மில் வேலையை விட்டுவிட்டுப் போன தை மாதத்திலிருந்து நான்தான் தோட்டம் பார்க்கிறேன். காலையில் நாலரைக்கு எழுந்து பால் கறப்பது மனைவி. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். கடன் கேட்டுப் போனபோது வங்கியில் திட்ட அறிக்கை கேட்டார்கள். "மூன்று ஆண்டில் வருட வருமானம் பத்து லட்சம்" என்று இலக்கு எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை. இன்னும் மூன்று மாடு, ஒரு ஏக்கர் முருங்கை, மீதியெல்லாம் காய்கறி என்று மனதில் இருக்கிறது. சித்திரையில் மோட்டார் மூன்று மணி நேரம் ஓடும். வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 வேண்டும். இலக்கை எப்படி வைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தொகைகள் இருக்கின்றன. மாதம் 25,000 என்பது வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துச் சொன்னது. பத்து லட்சம், படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்ததால் வந்தது. அதனால்தான் அடுத்த வரி ஓடவில்லை. வெங்காய விலையும் ஐப்பசி மழையும் நம் கையில் இல்லை. அவை இரண்டும் ஒத்துழைத்தால்தான் நடக்கும் என்கிற ஒன்றை இலக்காக வைத்தால், நாளைக் காலையில் எழுந்து எதைச் செய்வது என்று அது சொல்லாது. கோடையில் எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் எட்டும், ஒரு கிலோ வெங்காயம் எனக்கு என்ன விலைக்கு அடங்குகிறது, எந்த மாதம் கையில் காசு இருக்காது, இதெல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை, மாற்றக்கூடியவை. இலக்குகளை இங்கே வையுங்கள். வருமானத்தைக் கடைசியில் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர். 200 லிட்டர் பேரல் ஒன்றைப் பைப்புக்கு அடியில் வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். சித்திரை, வைகாசியில் பார்க்க வேண்டும். கார்த்திகையில் பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். 50 நொடியில் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 4 லிட்டர், மணிக்கு 14,400 லிட்டர். நீங்கள் சொல்கிற மூன்று மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். உங்கள் தோட்டத்தின் மொத்தக் கோடை வருமானமும் இந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

இதைப் பங்கு போடுவோம். சொட்டுநீரில் ஒரு தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 65 லிட்டர். 120 மரத்துக்கு 7,800. இதில் கை வைக்காதீர்கள். தென்னை ஒரு கோடையில் காய்ந்தால், அந்த வருடக் காய்ப்போடு நிற்காமல் அடுத்த வருடக் காய்ப்பிலும் தெரியும். மாடு குடிக்க, கழுவ 200. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது சுமார் 4,000 லிட்டர். கோடையில் காய்கறிக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் வைத்தால் ஏக்கருக்கு 20,000. இந்தக் கணக்கில் 20 சென்ட் தீவனப்புல்லுக்கு 4,000, ஒன்றேகால் ஏக்கர் காய்கறிக்கு 25,000. அரை ஏக்கர் செடிமுருங்கைக்கு மூவாயிரம் சொச்சம். கூட்டினால் நாற்பதாயிரம். மூவாயிரம்தான் கைவசம் மிஞ்சுகிறது. மோட்டார் ஒரு வாரம் ரிப்பேர் ஆனாலோ மின்சாரம் மாறி மாறி வந்தாலோ அதுவும் இல்லை.

ஆக, "மீதியெல்லாம் காய்கறி" என்ற திட்டம் கோடையில் ஒன்றேகால் ஏக்கரோடு நின்றுவிடுகிறது. 25 அடி இடைவெளியில் 120 தென்னை ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும். புல், முருங்கை, காய்கறி போக ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேலே மானாவாரியாக, மழையை மட்டும் நம்பி இருக்கும். அதில் புரட்டாசிப் பட்டத்து (விதைப்புப் பருவத்து) மக்காச்சோளமோ ஆடிப்பட்டத்துப் பயறோ போடலாம். என் சொந்த நிலத்தில் ஒரு வருடம் இந்தக் கணக்கைப் போடாமல் தக்காளியை விரித்து நட்டேன். காய் பிடிக்கும் நேரத்தில், பங்குனியில் தண்ணீர் முடிந்தது. செலவு செய்த உரமும் கூலியும் செடியிலேயே காய்ந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் பேரலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

உங்கள் பேரல் வேறு எண் சொல்லும். அந்த எண்ணைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். முதல் இலக்கு அதிலிருந்தே வந்துவிடும்: இந்த வருடத்துக்குள் ஐந்து ஏக்கரில் எந்தெந்தப் பகுதி சொட்டுநீருக்கு மாறும்? தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு வைத்திருக்கும் செலவு வரம்புக்குள் 100 விழுக்காடு மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75. சிறு விவசாயி சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். அப்பாவிடம் பேச வேண்டியது இதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது காசு வரும் மாதங்கள். ஒரு நோட்டில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வீட்டுக்கு மாதம் 25,000 என்றால் வருடத்துக்கு மூன்று லட்சம். அதைப் பன்னிரண்டு வரியிலும் எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஜூனில் வரும். அதே சமயத்தில் ஆடிப்பட்டத்துக்கு உழவு, விதை, அடியுரம். தீபாவளி, பொங்கல், சொந்தத்தில் கல்யாணம் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். வரவில் பால் பணம் சொசைட்டியிலிருந்து வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை வரும். தேங்காய் 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் ஒரு வெட்டு. கோடை வெட்டுகளில் காய் கூடும், மழைக்கால வெட்டுகளில் குறையும். மக்காச்சோளப் பணம் வருடத்தில் ஒருமுறைதான்.

எழுதி முடித்ததும் நோட்டே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான தோட்டங்களில் வைகாசியும் ஆனியும் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் நகை அடகுக் கடைக்குப் போகிறது. "அடுத்த ஆனியில் நகை அடகு வைக்காமல் ஆடிப்பட்டம் போட வேண்டும்." என்னைக் கேட்டால் முதல் வருடத்துக்கு இதைவிடப் பெரிய இலக்கு வேண்டாம். இதற்கு என்ன செய்வது என்று உடனே யோசிக்க முடிகிறது பாருங்கள். இரண்டு மாடும் ஒரே சமயத்தில் பால் வற்றாதபடி சினை ஊசி போடும் மாதத்தைத் தள்ளி வைக்கலாம். மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு கறவை நிறுத்த வேண்டும். நோட்டை வைத்துக்கொண்டு எண்ணினால் எந்த மாடு வைகாசியில் கறவையில் இருக்கும் என்பது தெரிந்துவிடும். சின்ன வெங்காயத்தை எடுத்தவுடன் முழுவதையும் விற்காமல் ஒரு பகுதியைப் பட்டறையில் (வெங்காயம் சேமிக்கும் இடத்தில்) வைத்து அந்த மாதத்துக்கு ஒதுக்கலாம்.

இனி விலை. உங்களுக்கு ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு 90,000 செலவாகி, 5,000 கிலோ கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 18 ரூபாய்க்கு அடங்குகிறது. கமிஷன், வண்டி வாடகை, சாக்கு, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்ந்து 3 ரூபாய் என்றால் 21. இந்த 21-ஐச் சுவரில் எழுதி வையுங்கள். உங்கள் அறுவடை எந்த மாதம் வருமோ அந்த மாதத்தில் கடந்த மூன்று வருடமும் என்ன விலை போனது என்று மண்டியில் விசாரித்து, அதில் மிகக் குறைந்த விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். திட்டத்தில் அந்தக் குறைந்த விலைதான் வர வேண்டும். எண்பது ரூபாய் போன வருடத்தை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த நினைவை நம்பி நடுகிற எல்லோரும் ஒரே மாதத்தில் அறுவடைக்கு வந்து நிற்பார்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முக்கியமான பயிர்களுக்கு விதைப்புக்கு முன்பே விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. உழவன் செயலியில் அன்றாடச் சந்தை விலை பார்க்கலாம். நடும் முன் இரண்டையும் பாருங்கள். அதற்காகச் சுவரில் எழுதிய விலையை அழிக்காதீர்கள்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று உங்கள் அப்பா சொல்லக்கூடும். பலர் கணக்கே வேண்டாம் என்பதற்கு இதைச் சாக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அது உண்மையான கணக்காகவே படுகிறது. வீட்டு ஆள் கூலியையும் நில வாடகையையும் சேர்த்தால் மிஞ்சுவது மிகக் குறைவு என்பதைத்தான் அந்தப் பழமொழி சொல்கிறது. மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையமும் செலவை மூன்று விதமாகப் போடுகிறது. கையை விட்டுப் போன காசு மட்டும் ஒன்று, அதனுடன் குடும்ப உழைப்பின் கூலி சேர்ந்தது இன்னொன்று, சொந்த நிலத்தின் வாடகையும் முதலீட்டின் வட்டியும் சேர்ந்தது மூன்றாவது. குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றரை மடங்கு என்று 2018-ல் அறிவித்ததும் இரண்டாவது கணக்கின் மேல்தான்.

நீங்களும் முதல் இரண்டையாவது எழுதுங்கள். காலையில் நாலரை மணிக்குப் பால் கறக்க எழுகிற உங்கள் மனைவியின் உழைப்புக்கு நோட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லாத திட்டம் மூன்று வருடத்தில் அவர்களை ஓய வைத்துவிடும். லாபம் குறைகிறதே என்று அந்த வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

சரி, அப்பாவுக்கு வருவோம். நிலம் அவர் பெயரில், முடிவு உங்கள் கையில், தென்னை அவர் வைத்தது. இந்த மூன்றும் சேர்ந்து எத்தனையோ நல்ல திட்டங்களை நிறுத்தியிருக்கின்றன. நோட்டை எழுதும்போதே அவரையும் மனைவியையும் கூட உட்கார வையுங்கள். ஒவ்வொருவரும் இந்தத் தோட்டத்திடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கடன் இல்லாமல் இருப்பது முதலாக இருக்கலாம். மனைவிக்கு மாதச் சம்பளம் போல ஒரு தொகை நின்று வருவதாக இருக்கலாம். உங்களுக்கு வளர்ச்சி. இவை ஒன்றோடு ஒன்று மோதும். மோதட்டும், நோட்டில் மோதினால் சமாளிக்கலாம். அப்புறம், கிணறு எந்த வருடங்களில் வற்றியது, எந்த மூலையில் மண் தாங்கும் என்பது அப்பாவுக்குத் தெரிந்த அளவு எந்த அறிக்கையிலும் கிடைக்காது.

வங்கிக்குக் கொடுக்கும் அறிக்கையிலும் இந்தக் குறைந்த விலைக் கணக்கையே வையுங்கள். வருமானத்தை ஊதிக் காட்டினால் கடன் தொகை ஊதும், தவணையும் ஊதும். பயிர்ச்செலவுக்குப் பெரிய திட்டக் கடன் தேவையே இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. வங்கியின் கிசான் கடன் அட்டையில் மூன்று லட்சம் வரை 7 விழுக்காடு, நாளுக்குள் கட்டினால் 4 விழுக்காடு. இவற்றுக்கும் பட்டாதாரர் கையெழுத்து வேண்டும். வேறு நீண்டகாலக் கடன் எடுத்தால், மாதத் தவணை வேண்டாம், தேங்காய் வெட்டும் அறுவடையும் வருகிற மாதங்களில் தவணை வையுங்கள் என்று கேளுங்கள். அந்த மாதங்கள்தான் உங்கள் நோட்டில் இருக்கின்றனவே.

இன்னொரு பக்கத்தில், நிறுத்தும் எல்லைகளை முன்கூட்டியே இப்படி எழுதிவிடுங்கள்: மாசிக் கடைசியில் மோட்டார் நான்கு மணி நேரத்துக்குக் கீழே ஓடினால் சித்திரைக் காய்கறியைப் பாதியாக்குவேன். ஒரே பயிரில் இரண்டு பட்டம் தொடர்ந்து கைக்காசு தேறாவிட்டால் மூன்றாவது பட்டம் நட மாட்டேன். பயிர் வாடி நிற்கும்போது இந்த முடிவை எடுக்க யாராலும் முடியாது. ஆசை விடாது, இன்னொரு மருந்து அடித்துப் பார்க்கச் சொல்லும். பொங்கல் முடிந்த வாரமும் ஆனிக் கடைசியும் நோட்டை எடுத்துப் பார்க்க நல்ல சமயம்.

முருங்கையை அரை ஏக்கராகக் குறைத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம்-1 செடிமுருங்கை உங்கள் பகுதிக்கு நன்றாக வரும், நட்ட ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும், தண்ணீரும் குறைவு. ஆனால் காய் எல்லோருக்கும் ஒன்றாக வரும் மாதங்களில் விலை சரியும். மழையில் பூ உதிர்ந்து வரத்து குறையும் கார்த்திகை, மார்கழியில் ஏறும். கவாத்து செய்யும் (கிளைகளை வெட்டிவிடும்) காலத்தை மாற்றிக் கொஞ்சமாவது விலை உள்ள மாதத்தில் காய் எடுக்கப் பழக அரை ஏக்கர் போதும். பழகிய பிறகு மானாவாரிப் பகுதியில் நீட்டிக்கொள்ளலாம்.

மாடு மூன்று கூடுதலாக இப்போது வேண்டாம். கறவை மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம் வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஏக்கருக்கு வருடம் 150 டன்னுக்கு மேல் என்று ஆராய்ச்சிப் பண்ணைக் கணக்கு இருக்கிறது. நம் தோட்டத்தில் அதில் பாதி வைத்துக்கொண்டால் 20 சென்டில் 15 டன், நாளுக்கு 41 கிலோ. இரண்டு மாட்டுக்கே சோளத்தட்டு சேர்த்துத்தான் சரிக்கட்ட வேண்டும். ஐந்து மாடு என்றால் புல்லுக்கு அரை ஏக்கர், அதற்குக் கோடையில் நாளொன்றுக்கு 10,000 லிட்டர். அந்தக் கூடுதல் தண்ணீரைக் காய்கறியிலிருந்துதான் எடுக்க முடியும். எடுக்கலாமா என்பதை ஒரு வருட நோட்டு முடிந்ததும், காய்கறி கொடுத்ததையும் பால் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.