65 வயதில் மெடிகேர்: முதலில் தேதிகள், பிறகுதான் பிளான்

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் 20 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். வரும் நவம்பரில் எனக்கு 65 முடிகிறது. அடுத்த ஜூன் கடைசியில் ஓய்வு பெறலாம் என்று எண்ணம். சுமார் 300 பேர் வேலை செய்யும் கம்பெனி. இன்சூரன்ஸ் அங்கேதான், மனைவியும் அதில்தான் இருக்கிறார். அவருக்கு 62 வயது, இங்கே வேலைக்குப் போனதில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. ஜார்டியன்ஸ் மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஆண்டுதோறும் டிசம்பர் முதல் மார்ச் வரை மதுரையில் இருக்க ஆசை. நண்பர்கள் "ஜீரோ பிரீமியம் அட்வான்டேஜ் பிளானே போதும், பல்லுக்கும் கண்ணுக்கும் சேர்த்துத் தருகிறார்கள்" என்கிறார்கள். ஏஜென்ட்களின் போன் ஓயவில்லை. எதை எடுப்பது?

பதில்: 65 ஆனவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவ இன்சூரன்ஸ்தான் மெடிகேர். உங்கள் நிலையில் நான் ஒரிஜினல் மெடிகேர் (அரசே நேரடியாக நடத்துவது), அதோடு ஒரு மெடிகேப் பாலிசி (அதில் விடுபடுவதை ஈடுகட்டும் தனியார் இன்சூரன்ஸ்), தனியாக ஒரு மருந்து பிளான் என்றுதான் போவேன். ஆனால் எந்த பிளான் என்பதைவிட எந்த மாதத்தில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். (கீழே தரும் தொகைகள் 2026-க்கானவை, ஆண்டுதோறும் மாறும்.)

ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஏழு மாதம் உங்களுக்கான முதல் பதிவுக் காலம். பிறந்த மாதத்துக்கு முன் மூன்று, பின் மூன்று என்று கணக்கு. சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் இப்போதே வாங்குகிறவர்களுக்கு மெடிகேர் அட்டை தானாக வீட்டுக்கு வந்துவிடும். நீங்கள் வாங்கவில்லை என்றால் வராது. நீங்கள்தான் சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பென்ஷன் முழுதாகக் கிடைப்பது 67-இல் என்பதால் மெடிகேரும் அப்போதுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அதிகம். இரண்டும் வெவ்வேறு.

நவம்பரில் பார்ட் ஏ மட்டும் எடுங்கள். அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. இங்கே பத்தாண்டு, அதாவது 40 காலாண்டு வரி கட்டியவர்களுக்கு அதற்குப் பிரீமியம் கிடையாது. (இந்தியாவில் வேலை பார்த்த ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேராது. இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் இல்லை.) டாக்டர் கட்டணம், பரிசோதனை, வெளிநோயாளி சிகிச்சைக்கான பார்ட் பி-யை ஓய்வு வரை தள்ளிப்போடலாம். கம்பெனியில் 20 பேருக்கு மேல் இருப்பதால், நீங்கள் வேலையில் இருக்கும்வரை கம்பெனி இன்சூரன்ஸ்தான் முதலில் பணம் தரும். மாதம் 202.90 டாலர் பார்ட் பி பிரீமியத்தை அதுவரை வீணாகக் கட்ட வேண்டாம். 20 பேருக்குக் குறைவான கம்பெனி என்றால் கதையே வேறு: அங்கே மெடிகேர்தான் முதலில் தர வேண்டியது, 65-லேயே இரண்டையும் எடுத்தாக வேண்டும்.

ஹெச்.எஸ்.ஏ. என்னும், மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறீர்களா? பார்ட் ஏ தொடங்கும் மாதத்திலிருந்து உங்களுடைய பங்கும் சரி, கம்பெனியின் பங்கும் சரி, அதில் விழக்கூடாது. ஏற்கெனவே சேர்ந்திருப்பதைச் செலவு செய்யத் தடையில்லை. சம்பளப் பிரிவுக்கு அக்டோபரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். "அப்படியானால் பார்ட் ஏ-யையும் ஜூன் வரை தள்ளிவைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். பிறகு விண்ணப்பிக்கும்போது பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். அந்த மாதங்களில் போட்ட பணம் வரிச் சிக்கலாகும். அதோடு, தள்ளிவைக்காமல் இருப்பதில் உங்கள் மனைவிக்கு ஒரு லாபமும் இருக்கிறது.

மெடிகேர் தனிநபருக்கானது, கணவன் எடுத்தால் மனைவிக்கும் சேர்த்து என்பது அதில் இல்லை. நீங்கள் ஜூனில் வெளியே வந்தால் அவருடைய இன்சூரன்ஸும் அதோடு போய்விடும். வேலை போனபின்னும் கம்பெனி இன்சூரன்ஸைச் சொந்தச் செலவில் தொடர விடும் ஏற்பாடு கோப்ரா. வழக்கமாக அது 18 மாதம்தான். ஆனால் ஊழியர் மெடிகேருக்குள் வந்து 18 மாதத்துக்குள் வேலையை விட்டால், மனைவிக்குரிய கோப்ரா காலம் அந்த ஊழியர் மெடிகேருக்குள் வந்த தேதியிலிருந்து 36 மாதம் வரை ஓடும். நவம்பரில் பார்ட் ஏ தொடங்கினால் அங்கிருந்து மூன்று ஆண்டு. 62-இலிருந்து கிட்டத்தட்ட 65 வரை அவருக்கு வழி கிடைத்துவிடுகிறது. மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கே சில சமயம் இந்த விதி தெரியாது. "18 மாதம்தான்" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். கோப்ராவில் முழுப் பிரீமியமும் அதற்கு மேல் 2 சதவீதமும் நீங்களே கட்ட வேண்டும் என்பதால் மலிவு என்று சொல்ல மாட்டேன். மாநில அரசின் கெட் கவர்டு என்ஜே இன்சூரன்ஸ் சந்தையில் விலை பார்த்து ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். 65 ஆனதும், வேலைக்கே போகாதவர் என்றாலும், உங்கள் கணக்கை வைத்து அவருக்கும் பார்ட் ஏ பிரீமியமின்றிக் கிடைக்கும்.

கோப்ராவை மனைவிக்கு மட்டும் எடுங்கள். உங்களுக்கு வேண்டாம். கோப்ராவில் இருந்தபடி பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. வேலையில் இருப்பதால் கிடைக்கும் இன்சூரன்ஸுக்கு மட்டுமே அந்தச் சலுகை. வேலை முடிந்ததும் பார்ட் பி-யில் சேர எட்டு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அதைத் தவறவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுப் பதிவுக்குக் காத்திருக்க வேண்டும். பார்ட் பி இல்லாமல் கழித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீத அபராதம், அதுவும் பார்ட் பி இருக்கும் காலம் முழுக்க. எனவே மே மாதமே சி.எம்.எஸ்.-40பி விண்ணப்பத்தையும், கம்பெனி கையெழுத்திட வேண்டிய சி.எம்.எஸ்.-எல்564 படிவத்தையும் சேர்த்துக் கொடுத்து, ஜூலை 1-இல் பார்ட் பி தொடங்கும்படி கேளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி.

பார்ட் ஏ, பார்ட் பி இரண்டும் சேர்ந்ததுதான் ஒரிஜினல் மெடிகேர். அதில் பெரிய ஓட்டை, பார்ட் பி-யில் உங்கள் பங்கான 20 சதவீதத்துக்கு உச்சவரம்பு கிடையாது என்பது. புற்றுநோய்க்கு வெளிநோயாளியாக ஊசிமருந்து ஏற்றிக்கொள்கிறவருக்கு மெடிகேர் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் ஆனால், 20,000 அவர் கையிலிருந்து. மருத்துவமனையில் சேர்ந்தால் முதலில் கட்ட வேண்டிய 1,736 டாலரும் ஆண்டுக்கு ஒருமுறை அல்ல. வீடு திரும்பி 60 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு மறுபடி சேர்ந்தால் மறுபடி கட்ட வேண்டும்.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் மெடிகேப். பிளான் ஜி எடுத்தால் பார்ட் பி-யின் ஆண்டு டிடக்டிபிளான (முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையான) 283 டாலரை நீங்கள் கட்டுகிறீர்கள். மெடிகேர் ஒப்புக்கொண்ட சிகிச்சையில் உங்கள் பங்காக மிஞ்சுவதை அது பார்த்துக்கொள்கிறது. மேலே சொன்ன 20,000 டாலரும் அதில் அடங்கும். அமெரிக்காவில் மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். நாளைக்கே நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்றாலும் நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில்) இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. பிளான் ஜி என்றால் எந்த நிறுவனம் விற்றாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றேதான், சட்டமே அப்படி. ஆகவே விலையையும், அந்த நிறுவனம் ஆண்டுதோறும் எவ்வளவு ஏற்றி வந்திருக்கிறது என்பதையும் மட்டும் பாருங்கள். மாதம் நூறு டாலருக்கு மேல் ஆகும். பிளான் என் சற்று மலிவு. டாக்டரிடம் போகும்போது 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்கு 50 டாலர் வரை கொடுக்க வேண்டியிருக்கும்.

அட்வான்டேஜ் என்பது மெடிகேருக்குப் பதிலாக ஒரு தனியார் நிறுவனம் உங்கள் சிகிச்சையை ஏற்று நடத்துவது. ஜீரோ பிரீமியம் என்றாலும் 202.90 டாலர் பார்ட் பி பிரீமியத்தைக் கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இதை விளம்பரத்தில் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள். நல்ல அம்சம், ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. நெட்வொர்க்குக்குள் 9,250 டாலரைத் தாண்டக்கூடாது என்பது விதி. பல பிளான்களில் இன்னும் குறைவு. மாறாக, நெட்வொர்க் உண்டு, ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் முன் ஒப்புதல் வாங்கும் இழுபறியும் உண்டு. கையில் மிச்சம் அதிகம் இல்லாத, ஊரைவிட்டு நகராத, தன் டாக்டர்கள் அனைவரும் நெட்வொர்க்கில் இருக்கிற ஒருவருக்கு அது நியாயமான தேர்வு. உங்கள் நண்பர்கள் சொல்வது பொய்யல்ல. பல்லுக்குத் தரும் தொகையை மட்டும் பெரிதாக எண்ணாதீர்கள். ஒரு இம்ப்ளான்ட்டுக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று பிளான் புத்தகத்தில் பாருங்கள்.

ஒரிஜினல் மெடிகேரில் முன் ஒப்புதலே கிடையாது என்று சொல்கிற ஏஜென்ட்டையும் முழுதாக நம்ப வேண்டாம். 2026 ஜனவரி முதல் ஆறு மாநிலங்களில், முதுகுவலிக்கான ஸ்டீராய்டு ஊசி, மூட்டுத் தேய்மானத்துக்கான ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) போன்ற சில சிகிச்சைகளுக்கு அதிலும் முன் ஒப்புதல் சோதனை முறையில் வந்திருக்கிறது. நியூஜெர்சி அந்த ஆறில் ஒன்று. பட்டியல் சிறியதுதான்.

என் முடிவுக்குக் காரணம் பிரீமியமும் அல்ல, பல்லும் அல்ல. 65 வயதுக்கு மேல் பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம், உங்கள் விஷயத்தில் ஜூலை முதல் டிசம்பர் வரை, எந்த மெடிகேப் நிறுவனமும் உடல்நிலையைக் காரணம் காட்டி உங்களை மறுக்கவோ விலையைக் கூட்டவோ முடியாது. கம்பெனி இன்சூரன்ஸ் இடைவெளியின்றி இருப்பதால் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலமும் விழாது. அந்த ஆறு மாதம் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அது போனபின் நியூஜெர்சியில் மருத்துவக் கேள்வித்தாள் வரும். இன்சுலின் எடுப்பவருக்கு மறுப்பும் வரலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் நான்கும் இதில் தாராளம்; ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அந்தப் பாதுகாப்பு இல்லை. மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, யாரும் கேள்வி கேட்காமல் மாறலாம். திரும்பி வருவதுதான் சிரமம். அட்வான்டேஜில் சேர்ந்து 12 மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் மெடிகேப் வாங்கும் உரிமை உண்டு என்பார்கள். அது 65-இல் பார்ட் ஏ-க்குத் தகுதி பெற்றபோதே அட்வான்டேஜில் சேர்ந்தவர்களுக்கு எழுதப்பட்டது. எட்டு மாதம் கழித்து உள்ளே வரும் நீங்கள் அதை நம்பி இறங்க வேண்டாம்.

மதுரைக்கு வருவோம். மெடிகேர் இந்தியாவில் செல்லாது. பிளான் ஜி வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் தரும், வாழ்நாள் உச்சம் 50,000 டாலர். ஆனால் பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கும் அவசரத்துக்கு மட்டும். டிசம்பர் தொடக்கத்தில் போனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கையில் ஒன்றும் இல்லை. அட்வான்டேஜ் பிளான்கள் சில உலகெங்கும் அவசரத்துக்குத் தருகின்றன, தொகை பிளானுக்கு பிளான் மாறும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாகப் பெயரை நீக்கிவிடுவார்கள். எதை எடுத்தாலும் அந்தக் கடைசி இரண்டு மாதத்துக்குப் பயண இன்சூரன்ஸ் வாங்குங்கள், அதுவும் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையால் திடீரென வரும் சிக்கலை ஏற்கிறதா என்று படித்துவிட்டு.

மருந்துக்கு பார்ட் டி. கம்பெனி இன்சூரன்ஸ் முடிந்து 63 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விட்டால் இதிலும் நிரந்தர அபராதம், ஆகவே ஜூனிலேயே சேர்ந்து ஜூலையில் தொடங்குங்கள். கம்பெனியின் மருந்துக் காப்பு மெடிகேர் தரத்துக்கு ஈடானது என்ற கடிதம் ஆண்டுதோறும் வந்திருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். அரசின் மெடிகேர் தளத்தில் உங்கள் மருந்துகளையும் அளவையும் உங்கள் மருந்துக்கடையையும் பதிந்தால், எந்த பிளானில் ஆண்டு முழுக்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்று வரிசையாகக் காட்டும். பிரீமியத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், மொத்தச் செலவை வைத்துப் பாருங்கள். காப்பில் உள்ள இன்சுலினுக்கு உங்களிடம் மாதம் 35 டாலருக்கு மேல் வசூலிக்க முடியாது. மெடிகேர் நேரடியாகப் பேரம் பேசிய முதல் பத்து மருந்துகளில் ஜார்டியன்ஸும் ஒன்று. 2026 முதல் 30 நாளுக்கு 197 டாலர் என்று விலை இறங்கியிருக்கிறது, உங்கள் பங்கு அதற்குள்தான். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 2,100 டாலரைத் தொட்டதும் காப்பில் உள்ள மருந்துகளுக்கு அதற்குமேல் நீங்கள் தர வேண்டியதில்லை. மதுரையில் வாங்கும் மருந்துக்கு பார்ட் டி தராது. பயணத்துக்கு முன் பிளானைக் கூப்பிட்டு, வெளிநாடு போகிறேன், 90 நாள் மருந்து முன்கூட்டியே வேண்டும் என்று கேளுங்கள்.

போன் செய்யும் ஏஜென்ட்களைப் பற்றி: நீங்கள் அனுமதி தராமல் அட்வான்டேஜ், மருந்து பிளான் விற்க அழைப்பதே விதிமீறல். அந்த ஒரு காரணம் போதும் போனை வைக்க. மாநிலங்கள்தோறும் ஷிப் என்ற பெயரில் இலவச ஆலோசனை இருக்கிறது. உங்கள் மிடில்செக்ஸ் கவுண்டியிலும் உண்டு. அவர்கள் எதையும் விற்பதில்லை, கமிஷனும் இல்லை. அக்டோபர் 15-க்குப் பிறகு கூட்டம் நெரியும். செப்டம்பரிலேயே நேரம் வாங்குங்கள்.

கடைசியாக, இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்யும் உங்கள் வருமானம் 2,18,000 டாலரைத் தாண்டியிருந்தால் பார்ட் பி-க்கும் டி-க்கும் கூடுதல் கட்டணம் விதிப்பார்கள். பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக்கணக்கை, அதாவது நீங்கள் முழுச் சம்பளம் வாங்கிய ஆண்டை. ஓய்வு பெற்று வருமானம் குறைந்தபின் அந்தக் கடிதம் வந்தால் கட்டிவிட்டு வருத்தப்படாதீர்கள். எஸ்.எஸ்.ஏ.-44 படிவத்தில் 'வேலை நின்றது' என்று குறித்து, கம்பெனியின் கடிதத்தை இணைத்து சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுங்கள். புதிய வருமானத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.